மருமக்கள் என்ற சொல்லுக்கு மிச்சத்தில் நேர்ந்தது

வாய்மொழிப் பாடபேதம் பார்ப்பது ஒரு விசித்திரமான தொழில்: ஒரே பாட்டைப் பத்துப் பேரிடம் கேட்டு, பத்து விதமாகவும் எழுதிக்கொண்டு, முடிவில் பத்தும் சரியே என்று அறிவித்துப் பத்துப் பேரையும் பகைத்துக்கொள்வது. பல்கலைக்கழகத்தில் இருந்தவரை இந்தப் பகை அடிக்குறிப்புகளோடு நின்றது. ஓய்வுபெற்று லண்டனுக்கு வந்து, மிச்சம் என்ற தெற்குப் புறநகரில் ட்ராம் பாதையோரம் ஒரு சிறு வீட்டில் குடியேறிய பின்னர் அது வாசற்கதவைத் தட்டி உள்ளேயே வந்துவிட்டது. பொதுக்கூட்டம் ஒன்றில் "யாப்பு என்ன சொல்லுது?" என்று யாரோ ஒருவர் எழுந்து கேட்ட கணத்தில், ஓடவும் இயலாமல் இருக்கவும் இயலாமல் தவித்த வாசகர்கள் என் நிலையை உடனே உணர்வார்கள். ஏனையோர் பாக்கியசாலிகள், அவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சங்கத்தின் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கூட்டத்துக்கும் அழைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து ஊர் ஒன்று. அவ்வூரார் எண்பதுகளில் மிச்சத்தில் ஒரு சங்கம் அமைத்து, யாப்பு என்று இலங்கையில் சொல்லும் சட்டவிதிகளையும் அதற்கு எழுதி, கவுன்சிலிடம் ஒரு மண்டபத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தனர். 2009இன் இலையுதிர்காலத்தில் அந்த யாப்பின் ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் காணும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் அவ்வூராள் அல்லள், ஆகவே நடுநிலையாள். தமிழ் படித்தவள், ஆகவே வேலையற்றவள். இரு தகுதிகளும் ஏகமனதாக ஏற்கப்பட்டன. பள்ளிக்கூடம் எதிலும் நான் படிப்பித்ததில்லை என்றாலும் அன்றே எனக்கு 'ரீச்சர்' என்ற பட்டமும் கிடைத்தது.

அந்த ஆண்டில் எங்களுக்கு நேர்ந்ததை விவரிக்க இது இடமன்று. வைகாசிக்குப் பின் பல மாதங்கள் அந்த மண்டபத்தில் எவரும் குரல் உயர்த்திப் பேசவில்லை. மறுபடியும் குரல் உயர்ந்தபோது, அது இந்தச் சொல்லுக்காகத்தான் உயர்ந்தது.

வெண்பாவா, ஆசிரியப்பாவா?

'ஊரவரும், அவர்தம் மக்களும், மருமக்களும் சங்கத்தின் முழு அங்கத்தவராவர்' என்பது யாப்பின் வரி. முழு அங்கத்தவரே தேர்தலில் நிற்கலாம். வளர்மதி நிற்க விரும்பினார். அவர் தஞ்சாவூர்க்காரர்; நகருக்குள் ஒரு வங்கியில் கணினி வேலை. அவ்வூரில் பிறந்து ஜெர்மனி வழியாக லண்டன் வந்து சேர்ந்த ரவீந்திரனை மணந்து, சனிக்கிழமைகளில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திவந்தார். திடீரென ஒரு நாள், சனிக்கிழமைகளில் மண்டபம் 'மூத்தோர் அரங்கு'க்குத் தேவைப்படுவதால் வகுப்பு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. மூத்தோர் அரங்கு என்பது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கு அறிக்கையில் எழுதும் பெயர். வகுப்புக்கு வேறு இடம் கிடையாது. மண்டபச் சாவி செயலாளரின் பொறுப்பு. ஆகவே வளர்மதி செயலாளர் பதவிக்கு மனுக் கொடுத்தார்.

தலைவர் நாகேந்திரம் ஆட்சேபித்தார். மிச்சத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அவர் பல்லாண்டுகளாகத் தலைவர். சீட்டாட்டத்திலும் தலைமை ஆட்டக்காரர். அவருடைய வாதம் சுருக்கமானது: எங்கள் பேச்சில் மருமகன், மருமகள் என்றால் ஓர் ஆணுக்குத் தன் சகோதரியின் பிள்ளைகள், ஸ்தாபகர்கள் எண்ணியது அவர்களைத்தான், கலியாணம் கட்டிக்கொண்டு வந்தவர்களை அல்ல. வளர்மதியின் ஊர்ப் பேச்சிலோ மருமகள் என்றால் முதலில் மகனைக் கட்டியவள். சொல் இரண்டு பொருளையும் தாங்கும் என்பதே உண்மை; ஆனால் கூட்டங்களில் உண்மை எவருக்கும் உதவுவதில்லை. அன்றுதான் முதன்முதலாக, தன் பதவி மனுவைத் தடுத்த ஆவணத்தின் பெயரை வளர்மதி கேள்விப்பட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"யாப்பா? வெண்பாவா, ஆசிரியப்பாவா மேடம்? தளை தட்டினா ஆளை வெளிய அனுப்பிடுவீங்களா?"

உரிமையும் நித்திரையும்

சிக்கலுக்கு எளிய தீர்வு ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றியது. ரவீந்திரன் அவ்வூரிலேயே பிறந்தவர்; அவருடைய தகுதியை எவரும் மறுக்க முடியாது. அவர் செயலாளராகட்டும், சாவி அவர் வீட்டில் தொங்கட்டும், வகுப்பை வளர்மதி நடத்தட்டும். பலரும் இதையே யோசித்திருந்தார்கள்; ஆனால் ரவீந்திரனிடம் நேரில் கேட்டவள் நான்தான். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்:

"சாவியை நான் வேண்டினால் மண்டபத்தில பைப் உடைஞ்சாலும் எனக்குத்தான் போன் வரும் ரீச்சர். அவவுக்கு உரிமை வேணும், எனக்கு நித்திரை வேணும்."

அமெரிக்கப் பிதாக்கள் மிச்சத்துக்கு வந்தது

ஆட்சேபணையை விசாரிக்கக் கூடிய விசேட கூட்டத்துக்குச் சட்டனிலிருந்து சொலிசிற்றர் சிறீகாந்தன் அழைக்கப்பட்டிருந்தார். வீடு விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பத்திரம் எழுதுவது அவர் தொழில். அமெரிக்க யாப்பைப் பற்றி வாசிப்பது அவர் வியாதி. தன் யாப்பை ஒரே ஏட்டில் எழுதிவைக்க என்றுமே அவசரப்படாத ஒரு நாட்டில், ஊர்ச் சங்கமொன்றின் யாப்பைப் பற்றி அவர் ஆற்றிய உரை தேநீர் ஆறும் வரை நீண்டது. அமெரிக்காவில் இரு கட்சிகள் உண்டாம். யாப்பை வரைந்த காலத்தவர் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் கொண்டார்களோ அதுவே என்றைக்கும் பொருள் என்பது ஒரு கட்சி. யாப்பு உயிருள்ளது, காலத்தோடு அதன் பொருளும் வளரும் என்பது மற்றக் கட்சி. ஒரு காற்புள்ளி எங்கே விழுந்தது, அதை இட்டவர் எண்ணம் என்ன என்று அங்கே நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். "நாகேந்திரம் அண்ணையின்ர வாதம் முதலாவது கட்சி" என்று அவர் சொன்னதும், தான் இதுநாள்வரை அறியாமலே ஒரு பெரிய தத்துவத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கிறோம் என்ற மகிழ்ச்சி தலைவரின் முகத்தில் பரவியது.

வளர்மதியோடு வந்திருந்த, வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் உடனே உயிருள்ள யாப்புக் கட்சியில் சேர்ந்தார்கள். பிதாக்களின் எண்ணத்தை எவ்வாறு அறிவது, கடிதங்களிலிருந்தா, உரைகளிலிருந்தா, அக்கால அகராதிகளிலிருந்தா என்று சொலிசிற்றர் அடுத்த பகுதிக்குப் போகையில், உணவுப் பகுதிக்குப் பொறுப்பான மணியக்கா வடைத் தட்டோடு குறுக்கே வந்தார். அவருக்கு வடை ஆறிவிடும் என்ற கவலை.

"அமெரிக்காவைத் துவக்கினவங்கள் செத்துப் போனாங்கள் தம்பி. எங்கட ஆக்கள் சட்டனிலயும் பார்க்கிங்கிலயும் இருக்கினம். போன் எடுத்துக் கேளுங்கோவன்."

சட்டனில் கிடைத்த பாடம்

சட்டன் லண்டனின் தெற்குப் புறநகர், பார்க்கிங் கிழக்குப் புறநகர்; இரண்டுக்கும் போய்க் கேட்கும் வேலை எனக்கு வந்தது இப்படித்தான். முதல் தலைவர் கணபதிப்பிள்ளை காலமாகிவிட்டார். உயிரோடிருக்கும் ஸ்தாபகர்கள் இருவர் என்று என்னிடம் சொன்னார்கள். யாப்பின் வாசகத்தை எழுதியவர் அம்பலவாணர். ஓய்வுபெற்ற தபாலதிபர், சட்டனில் மகளோடு வசிப்பவர். அவர் சற்றும் தயங்கவில்லை. "மருமக்கள் எண்டால் தங்கச்சியின்ர, தமக்கையின்ர பிள்ளையள். வேற அர்த்தம் அதுக்குக் கிடையாது. எழுதினவன் நான் சொல்லுறன்" என்று மேசையில் தட்டிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். நாகேந்திரத்தின் கட்சி வென்றுவிட்டது என்றே எண்ணினேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: சொன்னவரிடமே சிறிது காலம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். ஒரே வாய் இரு முறை ஒரே மாதிரிப் பாடுவது அரிது. சில வாரங்கள் கழித்து மீண்டும் போனேன். வீட்டில் பலகாரத் தட்டுகளும் புதுச் சேலைப் பெட்டிகளுமாக இருந்தன. அம்பலவாணர் என்னைக் கண்டதும், கேள்விக்குக் காத்திராமல், மருமக்கள் என்பதற்குப் பிள்ளைகளைக் கட்டியவர்கள் என்பதே முதற்பொருள், ஏனையவை பின்வந்தவை என்று ஓர் இலக்கண விளக்கமே தந்தார். முன்னர் சொன்னதை நினைவூட்டினேன். மகளுக்கு வேலூரைச் சேர்ந்த ஒரு டொக்டரை நிச்சயம் செய்த செய்தியைச் சொன்ன பிறகு, சிறிதும் கூச்சமின்றி இவ்வாறு முடித்தார்:

"நீங்கள் முதல் வரேக்க எனக்கு மருமகன் இல்லை ரீச்சர். இப்ப வந்திட்டார்."

பார்க்கிங்கில் கிடைத்த பாடம்

இரண்டாமவர் செல்லத்துரை, பார்க்கிங்கில் இருக்கிறார். கணக்காளராக இருந்தவர். அவரைக் காண இரண்டு ரயில் மாறிப் போனேன். அவர் சொல்லின் பொருளுக்குள் இறங்கவேயில்லை, சொல்லையே மறுத்துவிட்டார். ஸ்தாபகர்கள் தீர்மானித்தது 'மருமக்கள்' அன்று, 'மறுமக்கள்' என்றார். இரண்டாம் தாரம் கட்டியவர்களின் முதல் தாரத்துப் பிள்ளைகள் தள்ளுபடியாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த சொல்லாம். பாடபேதம் பார்ப்பவளுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறில்லை. ஒரே ஓர் எழுத்து. வல்லினமா இடையினமா என்ற ஐயம். முற்றிலும் வேறான ஒரு சங்கம். மறுமக்கள் என்ற சொல்லை அவர் வாயிலன்றி வேறெங்கும் நான் கேட்டதில்லை என்பதையும் ஓரக்குறிப்பில் எழுதினேன்.

"றகரத்தையும் ரகரத்தையும் நாங்கள் மாறி எழுதுறதே ரீச்சர்? எங்கட சனத்துக்கு அந்தப் பிழை வராது. டைப் அடிச்சவன் இந்தியாக்காரனாயிருக்கும், அவங்களுக்குத்தான் இரண்டும் ஒண்டு" என்றார். பிரதியைத் தட்டச்சு செய்தவர் செல்லத்துரையின் சொந்தத் தம்பி என்று அம்பலவாணர் எனக்கு முன்னரே சொல்லியிருந்தார். அதை மெதுவாக எடுத்துரைத்தேன். செல்லத்துரை அதற்கும் ஒரு திருத்தம் சொன்னார்:

"அவன் கொஞ்சக் காலம் மெட்ராசில நிண்டவன்."

ஓமும் ஆமாவும்

நாகேந்திரத்துக்கு வளர்மதி மேல் இத்தனை கடுப்பு ஏன் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. சீட்டாட்டத்தை வேறு கிழமைக்கு மாற்றினால் தீரும் விடயம். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் வளர்மதியின் வகுப்பில்தான் படித்தார்கள். மிச்சம் வீதிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே சண்டை பிடித்த பிள்ளைகள் இப்போது தமிழிலும் பிடித்தார்கள். இதை நான் அவரது கடையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றபோது பாராட்டாகச் சொன்னேன். அவர் தராசை நிறுத்திவிட்டு, கல்லாப் பக்கம் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தரங்கமான நோய் ஒன்றைச் சொல்பவர்போல் குரலைத் தாழ்த்தினார்:

"வகுப்புக்கு 'ஓம்' எண்டு அனுப்பின பிள்ளையள் 'ஆமா' எண்டு திரும்பி வருதுகள் ரீச்சர்."

அது நாடு, இது சங்கம்

நாகேந்திரத்தை நான் வெறும் சீட்டாட்டக்காரராகச் சித்திரித்தால் அது அநீதி. அந்த ஆண்டின் இளவேனிலில் பாராளுமன்றச் சதுக்கத்தில், போரை நிறுத்தக் கோரி, கடையைப் பூட்டிவிட்டு, மழையில் நாள் முழுவதும் நின்றவர்களில் அவரும் ஒருவர். கடைக்கு வருவோருக்கு அவர் வெங்காயத்தோடு சரித்திரமும் கொடுப்பார். சுதந்திரம் கிடைத்த கையோடு இயற்றிய பிரசாவுரிமைச் சட்டத்தில் தொடங்குவார். உன் தகப்பன் எங்கே பிறந்தவர், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டே தோட்டங்களில் உழைத்த மலையக மக்களை நாடற்றவராக்கியதை, பிற்பாடு வந்த யாப்புகள் எல்லாம் அந்த முதற்கேள்வியின் மேலேயே கட்டியவை என்பதை, அவர் சொல்லும்போது சொலிசிற்றர் சிறீகாந்தன் கூட எழுந்து நின்று கேட்பார். நாடொன்றைத் தொடக்கியவர்களின் எண்ணம் அறுபது ஆண்டு கழித்தும் ஒருவன் முதுகில் எப்படி விழும் என்பதை நான் கற்றது அந்த மரக்கறிக் கடையில்தான்.

ஒரு நாள் அந்த உரையின் உச்சத்தில், "தேப்பன் எங்க பிறந்தவன் எண்டு கேக்கிற சட்டமும் ஒரு சட்டமே?" என்று முழங்கிவிட்டு, என் பையில் முருங்கைக்காயை வைத்தவாறே, "அதிருக்கட்டும் ரீச்சர், உந்த வளர்மதியின்ர தேப்பன் எந்த ஊர்? எங்கட பக்கத்துத் தொடர்பு ஏதும் இருக்குதோ எண்டு விசாரிச்சனீங்களோ?" என்றார். நான் முருங்கைக்காயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இரு வாக்கியங்களையும் அவர் காதில் விழும்படி ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அறியாதவளுக்கு அடிப்படையை விளக்கும் பொறுமையோடு சொன்னார்:

"அது நாடு ரீச்சர். இது சங்கம்."

நாலாவது கை

மூன்றாவது ஸ்தாபகர் ஒருவர் இருக்கிறார் என்பதை மணியக்காதான் தற்செயலாகச் சொன்னார். பெயர் கனகரத்தினம், மிச்சத்திலேயே, மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரை எவரும் கணக்கில் எடுக்காததற்குக் காரணம், அவர் பல்லாண்டுகளுக்கு முன் சங்கத்தை விட்டு விலகியதே. ஆட்டம் ஒன்றில் நாகேந்திரம் தன் கூட்டாளியான இவர் வெல்லவிருந்த சீட்டையே துரும்புச் சீட்டால் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சாட்சிக்குப் பகை உண்டு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே கேட்டேன். பின்னர் மற்ற இருவரிடமும் சொல்லிச் சரிபார்த்தேன். அவர் சொன்ன கதையை மறுத்தவர் எவருமில்லை. அப்படியான ஒரு சம்பவம் நினைவிருக்கிறது என்று இருவரும், சிறிது கசப்போடு, ஒப்புக்கொண்டார்கள்.

கதை இது. கணபதிப்பிள்ளையும் செல்லத்துரையும் கனகரத்தினமும் வாராவாரம் முந்நூற்றிநாலு ஆடுவார்கள். ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். நாலாவது ஆள் ஒரு வெளியூர் இளைஞர். சங்கம் தொடங்கி மண்டபம் எடுத்தபோது, அங்கத்தவர் அல்லாதோர் உள்ளே இருந்து ஆடக்கூடாது என்று யாரோ சட்டம் பேச, அந்த இளைஞரை உள்ளே கொண்டுவர யாப்பில் ஒரு சொல் தேவைப்பட்டது. அவர் கணபதிப்பிள்ளையின் தங்கை மகன். அதோடு, முறைப்பெண்ணான கணபதிப்பிள்ளையின் மகளையே கட்டியவர். எந்தப் பொருளில் பார்த்தாலும் மருமகன். சகோதரியின் பிள்ளையா, மகளின் கணவனா என்று அமெரிக்கத் தத்துவத்தின் துணையோடு நாங்கள் பல வாரங்களாகப் பிளந்துகொண்டிருந்த அந்தச் சொல், எழுதப்பட்ட அன்று ஒரே ஆளின் மேல் முழுதாக உட்கார்ந்திருந்தது. அந்த ஆளின் பெயரைக் கேட்டேன். "வேற ஆர், நாகேந்திரம்தான்" என்றார். மாமனுக்கு மருமகனா, மாமனாருக்கு மருமகனா என்று அப்போது யாரும் கேட்கவில்லையா என்று வினவினேன். கனகரத்தினம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"அவன் கணபதியை 'மாமா' எண்டு கூப்பிடுவான், நாங்கள் அதுக்கு மேல கேக்கேல்லை. கை குறைஞ்சது, அவன் இருந்தான், சொல்லைப் போட்டம்."

தெரிந்ததைக் கதைப்பதில்லை

தலைவர் பிறந்தது வேறோர் ஊரில் என்பதை மண்டபத்தில் அறியாதவள் நான் ஒருத்தியே என்று பின்னர் தெரிந்தது. அவர் கலியாணத்தில் சாப்பிட்டவர்களே பாதிப் பேர். அப்போதுதான் அவருடைய வாதத்தின் நுட்பம் எனக்கு விளங்கியது. மருமக்கள் என்றால் சகோதரியின் பிள்ளைகள் என்று கொண்டால் நாகேந்திரம் உள்ளே, வளர்மதி வெளியே. கதவின் அகலத்தை அவர் தன் உடம்பளவுக்குச் சரியாக வெட்டி வைத்திருந்தார். நான் சட்டனுக்கும் பார்க்கிங்குக்கும் அலைந்து திரிந்ததைக் கண்ட ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மணியக்காவிடம் மனம் நொந்து கேட்டேன். மணியக்கா உளுந்து களைந்த கையைத் துடைத்தார்.

"அவர் வெளியூர் எண்டு எல்லாருக்கும் தெரியும் ரீச்சர். தெரிஞ்சதை ஆர் கதைக்கிறது?"

இஞ்சருங்கோ

பொதுக்கூட்டத்தில் என் அறிக்கையை வாசித்தேன். அம்பலவாணரின் இரு பாடங்கள், செல்லத்துரையின் றகரப் பாடம், கனகரத்தினத்தின் பாடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஸ்தாபகர்கள் இரண்டு பொருளையும் பிரித்தெண்ணவே இல்லை, ஆகவே இரண்டும் செல்லும் என்று முடித்தேன். பின்வரிசையில் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கைதட்டினார்கள். முன்வரிசையில் மூத்தோர் அரங்கு அசையவில்லை. சொலிசிற்றர் சிறீகாந்தன் எழுந்து, சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்ப்பது ஒரு யாப்பின் மூல எண்ணமாக இருக்கலாமா என்று வருந்தினார். அவருடைய பிதாக்கள் இதைவிட உயரமானவர்கள். வளர்மதி வகுப்பின் வருகைப் பதிவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தீர்ப்பு அன்றே வேண்டும். அடுத்த சனிக்கிழமை மண்டபம் யாருக்கு என்பது அதில் இருந்தது.

நாகேந்திரம் தளராமல் எழுந்தார். "ரீச்சர் சொன்னது சரி. நான் இரண்டு வழியிலயும் மருமகன். ஆனால் எனக்கு அங்கத்துவம் தந்தது மாமாவின்ர தங்கச்சி மகன் எண்ட முறையிலதான். கலியாண முறை அதுக்கு வேண்டியிருக்கேல்லை. ஆகவே என்ர ஆட்சேபணை நிக்குது" என்றார். வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது. அவருடைய மனைவி பரமேஸ்வரி, முதல் தலைவர் கணபதிப்பிள்ளையின் மகள், அவ்வூரிலேயே பிறந்தவர். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்த மண்டபத்தில் பேசியதை எவரும் கேட்டதில்லை என்று பின்னர் சொன்னார்கள். உரத்தும் பேசவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுவது போன்ற குரலில்தான் தொடங்கினார்:

"இஞ்சருங்கோ. உங்கட அம்மா எங்கட ஊரில பிறந்தவ. அவ ஊரவர் எண்டால் நீங்கள் 'மக்கள்' எண்ட சொல்லுக்குள்ளயே வந்திருப்பியள், உங்களுக்கு வேற சொல்லு ஏன்? வேற சொல்லு தேவைப்பட்டதெண்டால், வெளியூரானைக் கட்டின பொம்பிளை ஊரவர் இல்லை எண்டுதானே அர்த்தம்? நானும் வெளியூரானைத்தான் கட்டினனான். அப்ப நான் ஊரோ, இல்லையோ? அதை இந்த மேடையில சொல்லிப்போட்டு வீட்ட வாங்கோ."

கூட்டக் குறிப்பு

தலைவர் மேடையில் நின்றவாறே தன் மனைவியையும் பிறகு கூரையையும் பார்த்தார். சொலிசிற்றர் அவசரமாகக் குனிந்து தன் பையில் எதையோ தேடினார். மூத்தோர் அரங்கினர் தத்தம் மனைவியர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று உணர்ந்தார்கள். ஆட்சேபணை மீளப் பெறப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது. சாவியை விரும்பிய வேறு வேட்பாளர் எவரும் இல்லாமையால் வளர்மதி போட்டியின்றிச் செயலாளரானார்; அடுத்த சனிக்கிழமை வகுப்பு வழமைபோல் நடந்தது. சீட்டாட்டம் ஞாயிறுக்கு மாறியது. நாலாவது கை மட்டும் சில வாரங்கள் வரவில்லை. ஏன் என்று, இத்தனை ஆண்டு அவரோடு பேசாதிருந்த கனகரத்தினமே விசாரித்தனுப்பியதாகவும், அதற்கு நாகேந்திரம் சொல்லியனுப்பியதாகவும் மணியக்கா எனக்கு ஒரு வாசகத்தைத் தந்தார். வேறு பாடம் கிடைக்காமையால் அதையே பதிகிறேன்:

"நான் இப்ப வீட்டில ஊரவரில்லை, கொஞ்சம் பொறுங்கோ."

சாவி

இந்த அலைச்சலில் எனக்கும் ஓர் இலாபம் கிட்டலாம் என்று நம்பினேன். சங்கத்து முதியவர்களில் பலர் நெல் அறுவடையில் பாடும் அருவிவெட்டுப் பாட்டுகளை வெவ்வேறு விதமாக நினைவில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு மண்டபத்தின் ஒரு மூலையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நான் அமர்ந்தால், அவர்கள் ஒவ்வொருவராக வந்து பாடலாம். புதிய செயலாளரிடம் கேட்டேன். அவருக்காக இரண்டு ரயில் மாறியவள் என்ற உரிமை எனக்கு இருந்தது. மறுக்க மாட்டார் என்ற உறுதியும் இருந்தது.

வளர்மதி என்னை அமரவைத்து, பால் கலந்த தேநீர் தந்தார். மேசையில் யாப்பின் புதிய பிரதி ஒன்று, பிளாஸ்டிக் உறையிட்டு, சாவிக் கொத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, நான் மாதக்கணக்கில் மனப்பாடமாக அறிந்திருந்த அந்த வரியில் விரலை வைத்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நீங்க ஊரவரும் இல்ல, மக்களும் இல்ல, மருமக்கள்லயும் வரமாட்டீங்களே மேடம். நான் விட்டுடலாம், ஆனா ஸ்தாபகர்கள் எண்ணம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆகவே, ஸ்தாபகர்கள் என்ன எண்ணினார்கள் என்று ஆராயப் புறப்படும் எவருக்கும் என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது, பதில் சொல்பவர் அன்று கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை ஓரக்குறிப்பில் முதலில் எழுதிவிட்டு, அதன்பின் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்பதே.